எட்டாங்கரை ஊருக்குத் தடுப்பூசி போட்ட கதை

எட்டாங்கரை ஆட்களுக்குப் புத்தி இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. இருந்தது. ஒருவர் ஒன்றைச் சொன்னால் அதைச் சொன்னபடியே செய்து முடிக்கிற புத்தி. அதற்கு மேல் ஒரு புத்தி எதற்கு என்று அவர்கள் விட்டுவிட்டார்கள்.

அந்த ஊர் மயிலேறிக்கு அப்போது ஒரே கவலை. மகளுக்குக் காதுகுத்து, இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. விருந்துக்கென்று ஒரு செவலைக் கிடாவைப் பிள்ளை மாதிரி வளர்த்து வந்தான். பெண்டாட்டியின் அண்ணன்மார் நாலு பேர். இலையில் கறி விழாது என்று தெரிந்தால், பிள்ளையை மடியில் உட்கார வைக்காமலே எழுந்து போகிற ரகம். அந்தக் கோடையிலோ பட்டப்பகலில் ஆடு திருடுகிறவன் ஒருத்தன் கிளம்பியிருந்தான். சுற்று வட்டாரத்தில் ஏழு ஆடு போய்விட்டது. கிடாவை நினைத்தால் மயிலேறிக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட நர்ஸ் ஜெபமணி வந்தார். ஊசி எதற்கு என்று ஊர்ப் பெரியவர் கொம்பையா கேட்கப்போக, அந்த அம்மா பொறுமையாக விளக்கினார்.

"உடம்பு ஒரு ஊர் மாதிரின்னு வச்சுக்கோங்க. தோல்தான் வேலி. அதைத் தாண்டிக் கிருமி வந்தா, வெள்ளை அணுன்னு சிப்பாய்ங்க இருக்காங்க, பிடிப்பாங்க. அது போக, உடம்பு பூரா சின்னச் சின்ன வாய்க்கால்ல நிணநீர் ஓடுது. அது கிருமியை அள்ளிட்டுப் போய், கழுத்துலயும் அக்குள்லயும் தொடையிடுக்குலயும் இருக்கிற சாவடியில சேர்க்கும். அங்க சிப்பாய்ங்க அதை அடையாளம் பார்த்துக் கூட்டங் கூட்டமாப் பெருகுவாங்க. அந்த இடம் வீங்கும். கால்ல புண்ணு வந்தா நெறி கட்டுதுல்ல, அதுதான்."

"காய்ச்சல்?" என்றார் கொம்பையா.

"அதுவும் உடம்பு செய்யிற வேலைதான். சூடு ஏறினா கிருமிக்கு ஆகாது. ஒரு தடவை பார்த்த கிருமியைச் சிப்பாய்ங்க லேசுல மறக்க மாட்டாங்க. ஊசியில இருக்கிறது வலுவில்லாத கிருமி. அவனால ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா அவனைப் பார்த்து வச்சுக்கிட்டா, நிஜக் கிருமி வர்றப்ப உடனே விரட்டிருவாங்க."

ஜெபமணி ஊசியைப் போட்டுவிட்டு, பிள்ளைகள் இரண்டு நாள் ஓய்வாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் கலையவில்லை.

"உடம்பு ஊர் மாதிரின்னு சொன்னாக. அப்படின்னா ஊரு?" என்று கேட்டார் கொம்பையா.

ஊரிலேயே கூர்மையானவன் என்று பேரெடுத்த ஊய்க்காட்டான் வெகுநேரம் யோசித்தான். "ஊரு உடம்பு மாதிரி," என்றான்.

"அப்ப ஆட்டுத் திருடன்?"

"கிருமி."

மயிலேறிக்குக் கண் கலங்கிவிட்டது. கிடாவைக் கயிற்றில் கட்டியதோடு நிறுத்திவிட்டோமே, ஊருக்கு வைத்தியம் பார்க்கத் தோன்றவில்லையே என்று வருந்தினான்.

மறுநாளே வேலை தொடங்கியது. மயிலேறியின் மாட்டுத் தொழுவம் சாவடி ஆனது. சாவடி என்றால் வீங்க வேண்டும் அல்லவா? முப்பது பேர் உள்ளே நெருக்கி நின்றார்கள். வீங்கவில்லை. மேலத்தெரு ஆண்களையும் உள்ளே திணித்ததும் மண்சுவர் வெளியே பிதுங்கியது.

"வீங்கிட்டு," என்று உள்ளேயிருந்து சொன்னான் ஊய்க்காட்டான். "தொட்டா வலிக்குதான்னு யாராவது வெளிய நின்னு பாருங்க."

பார்க்க வெளியே ஆள் இல்லை. சற்று நேரத்தில் சுவர் விழுந்தது. கட்டி உடைந்தால் நல்லதுதான் என்று சொல்லி எல்லோரும் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

அடுத்தது காய்ச்சல். உச்சிவெயிலில் தெருவுக்கு நாலு இடத்தில் வைக்கோலைக் கொளுத்தினார்கள். அது மயிலேறியின் வைக்கோல் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கொம்பையா ஒரு வீட்டுச் சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்து, "நல்ல காய்ச்சல்," என்று தலையாட்டினார்.

ஊசி மட்டும் பாக்கி. அதற்கு வலுவில்லாத திருடன் ஒருவன் வேண்டும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊரில் பிச்சாண்டி என்று ஒருவர் இருந்தார். எழுபது வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டது, திருட்டை விட்டு இருபது வருஷம்.

"நான் திருந்திட்டேன்யா. என்னை விட்டுருங்க," என்றார் அவர்.

"திருந்தினவருதான் வேணும் அண்ணாச்சி. திருந்தாதவன்னா வலு இருக்கும்லா," என்றான் மயிலேறி.

பிச்சாண்டி வந்து கிடாவின் கயிற்றை அவிழ்த்தார். கிடா ஒரே முட்டு முட்டியது. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஊர் கவலையோடு பார்த்தது.

"ஊசி ஏற மாட்டேங்குதே," என்றான் மயிலேறி.

இரண்டு பேர் பிச்சாண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். நாலு பேர் கிடாவைப் பின்னாலிருந்து தள்ளினார்கள். அப்படியும் அது நகராததால், மயிலேறியே அகத்திக்கீரையைக் காட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். போகிற வழியில் சிப்பாய்களான ஊர்க்காரர்கள் பிச்சாண்டியின் அடையாளத்தைப் பங்கு போட்டு மனப்பாடம் செய்தார்கள். ஊய்க்காட்டானுக்கு மூக்கு, கொம்பையாவுக்கு இடது காது, இன்னொருவனுக்குத் தாடை. கடைசியாக வந்த சொரிமுத்துவுக்குப் பின்மண்டைதான் மிச்சம் இருந்தது.

ஊர் எல்லை வந்தது. கிடாவோடு பிச்சாண்டி தாண்டிப் போனார்.

"இப்பப் பிடிக்கணும்லா?" என்றான் மயிலேறி.

"ஊசி போட்டா ரெண்டு நாள் ஓய்வுன்னு சொன்னாகளே," என்றார் கொம்பையா. சொன்னது சொன்னதுதான். ஊரே இரண்டு நாள் படுத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் பிச்சாண்டி மகள் ஊருக்குப் போயிருந்தார். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் கிடாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாராம்.

"எங்க அண்ணன்மார் இலையில என்னத்த வைக்கப் போறீக?" என்று கேட்டாள் மயிலேறியின் மனைவி பூலம்மா.

காதுகுத்து நாளும் வந்தது. நாலு மச்சான்மாரும் வந்து உட்கார்ந்தார்கள். அடுப்பிலிருந்து கத்தரிக்காய் வாசம்தான் வந்தது. மூத்தவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். மயிலேறிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அப்போது தெருமுனையில் கிடா வந்தது. பின்னால் கயிற்றோடு பிச்சாண்டி இழுபட்டு வந்தார். "மக வீட்டுக் கூரையைத் தின்னுட்டு. மருமவனை முட்டித் தள்ளிட்டு. நீங்களே வச்சுக்கிடுங்க," என்றார் மூச்சு வாங்க.

மயிலேறி ஓடினான். அதற்குள் ஊய்க்காட்டான் எழுந்துவிட்டான்.

"அந்த மூக்கு," என்றான்.

"அந்தக் காது," என்றார் கொம்பையா.

சொரிமுத்து நிதானமாகச் சுற்றிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அவருதான்," என்றான். ஊசி பலித்துவிட்டது. ஊரே கம்பை எடுத்தது.

"கிடா நம்ம கிடால்லா?" என்றான் மயிலேறி பரிதாபமாக.

"நம்ம கிடாதான். ஆனா பத்து நாளு கிருமி கூட இருந்திருக்கே," என்றார் கொம்பையா. விருந்துக்கு வந்திருந்த ஜெபமணியிடமே கேட்டுவிடலாம் என்று முடிவானது. "சிஸ்டரம்மா, நம்ம உடம்பு அணுதான், ஆனா உள்ள கிருமி புகுந்திருக்கு. அதை வச்சுக்கிடலாமா?"

இந்த ஊரில் இப்படி ஒரு கேள்வியா என்று ஜெபமணிக்கு ஒரே சந்தோஷம். "கூடாது. நம்ம அணுவே ஆனாலும் சிப்பாய்ங்க அதையும் சேர்த்துத்தான் ஒழிப்பாங்க," என்றார்.

மயிலேறி கிடாவை ஒரு தரம் தடவிக் கொடுத்தான். பிறகு அவனே முதல் கம்பை ஓங்கினான். கிடா பறந்தது. பிச்சாண்டியால் ஓட முடியாததால் இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓட, மற்றவர்கள் பின்னால் விரட்டினார்கள். மூன்று ஊர் தள்ளி விட்டுவிட்டு வந்தார்கள்.

மூத்த மச்சான் இன்னும் துண்டோடு நின்றிருந்தார். "கறி எங்கய்யா?" என்றார்.

"கறி கிடக்கட்டும் மச்சான்," என்றான் மயிலேறி வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "இனிமே என் கிடாவை இந்த ஊருக்குள்ள வந்து எவனும் திருட முடியாது."

மச்சான் வெகுநேரம் யோசித்தார். துண்டைக் கீழே போட்டார். உட்கார்ந்து, பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பெரியவரு எந்தப் பக்கம் போனாரு மாப்ள?" என்று மெதுவாகக் கேட்டார். "எங்க ஊர்ல நாப்பது ஆடு இருக்கு. ஒண்ணுக்கும் இன்னும் ஊசி போடல."