சாக்குக்குத் தப்பிய துணுக்கு

சடையப்பனின் தோட்டத்தில் ஒரு மிளகாய்ச் செடி இருந்தது. அதன் ஒவ்வொரு இலையும் ஓர் ஊர். ஊர் முழுக்கச் சின்னச் சின்ன வீடுகள். எந்த வீட்டில் என்ன வேலை நடக்க வேண்டும் என்பதை நூல்கள்தாம் வந்து சொல்லும். மெல்லிய, ஒற்றை நூல்கள். வரும், சொல்லும், போகும்.

கீழே இருந்த ஓர் இலைக்கு அரிவாளும் மோப்பனும் காவல். அரிவாள் ஒற்றை நூலைத் தொடாது. இரண்டு நூல் முறுக்கிக்கொண்டு கிடந்தால் மட்டும் விடாது. வீட்டு நூல்கள் அப்படிக் கிடப்பதில்லை. திருட்டுத்தனமாக உள்ளே வந்து, தன்னைப் போலவே இன்னொருவனைத் திரிக்கிறவன்தான் அப்படிக் கிடப்பான். அரிவாள் வெட்டிப்போடும் துணுக்குகளில் ஒன்றை மோப்பன் வாயில் கவ்விக்கொள்வான். அதன் பிறகு அதே சாயலில் எவன் ஒற்றையாக வந்தாலும், துணுக்கோடு ஒத்துப்பார்த்துக் கடித்துவிடுவான்.

ஒரு நாள் காலையில் ஓர் அசுவினிப் பூச்சி அந்த இலையில் வந்து உட்கார்ந்தது. ஊசி வாயை இறக்கிச் சாற்றைச் சுவைத்துப் பார்த்தது. பிடிக்கவில்லை போலிருக்கிறது, பறந்துவிட்டது. ஆனால் அதன் எச்சிலோடு வந்தவன் ஒருவன் உள்ளே நின்றிருந்தான்.

"எங்கே போறே?" என்றது அரிவாள்.

"அடுத்த வீட்டுக்கு. ஒரு வேலை சொல்லணும்."

அரிவாள் அவனை மேலும் கீழும் பார்த்தது. ஒற்றை நூல். தலையில் வீட்டு நூல்கள் போடுகிற அதே தொப்பி. "சரி, போ."

"எனக்கு என்னவோ சரியாப் படலை," என்றான் மோப்பன்.

"எனக்கும்தான். ஆனா ஒற்றையா இருக்கானே, எப்படி வெட்டுறது?"

வெயில் ஏறுவதற்குள் அடுத்த வீட்டில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், வந்தவன் தன்னைப் போலவே திரித்த இன்னொருவனோடு முறுக்கிக்கொண்டு கிடந்தான். அரிவாள் பாய்ந்து வெட்டியது. தரையெங்கும் துணுக்குகள்.

அந்த நேரம் பார்த்து ஒரு சாக்கு வந்து நின்றது. வாய் அகன்ற, சுத்தமான சாக்கு.

"அடடா, எவ்வளவு குப்பை! நீங்க வெட்டுங்கண்ணே. அள்ளுறது என் பொறுப்பு."

"எனக்கு ஒண்ணு வேணும்," என்றான் மோப்பன்.

"இந்த அழுக்கையா வாயில வைக்கப்போறீங்க? உடம்புக்கு ஆகாது, விடுங்க." சொல்லிக்கொண்டே சாக்கு கடைசித் துணுக்கு வரைக்கும் விழுங்கிவிட்டது.

அரிவாளுக்குச் சந்தோஷம். இதுவரை அதற்கு உதவி என்று யாரும் வந்ததில்லை. சாக்கு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்க அதற்குத் தோன்றவில்லை. வந்தவன் திரித்த முதல் நூல் சொன்ன வேலையே அந்தச் சாக்கைத் தைப்பதுதான் என்பது அதற்குத் தெரியாது.

அரிவாள் வெட்ட வெட்ட, சாக்கு அள்ளியது. மோப்பனின் வாய் காலியாகவே இருந்தது. வெட்டு விழும் முன்பே வந்தவன் திரித்துவிட்டிருந்தவர்கள் பத்தானார்கள், நூறானார்கள். எல்லாரும் ஒற்றையாகத் தெருவில் நடந்தார்கள். எல்லார் தலையிலும் தொப்பி. வீட்டு நூல் எது, வெளிநூல் எது என்று மோப்பனுக்குப் பிடிபடவில்லை. பயத்தில் எதிரே வந்ததையெல்லாம் கடித்தான். பச்சையம் காய்ச்சச் சொல்லி வந்த வீட்டு நூலும் அவன் பல்லில் சிக்கிச் செத்தது.

"நம்ம ஆளையே கொன்னுட்டியேடா!"

"எவன் நம்ம ஆள்? நீ சொல்லு பார்ப்போம்!"

இலை மஞ்சளாகிச் சுருண்டது.

களை எடுக்க வந்த சடையப்பன் அதைப் பார்த்துவிட்டார். "வைரஸ் விழுந்திருச்சு அங்கம்மா. பக்கத்துச் செடிக்குப் பரவுறதுக்குள்ள பிடுங்கிரலாம்."

"மேல கொழுந்து விரியட்டும்," என்றாள் அவர் மனைவி. "அதுவும் சுருண்டிருந்தா நீங்களே பிடுங்கிப் போடுங்க."

அன்றைக்கு ஒரே ஒரு துணுக்கு சாக்கின் வாய்க்குத் தப்பினாள். சுவர் ஓட்டை வழியாக நழுவி, நரம்பில் ஓடிய சாற்றில் விழுந்து, மிதந்து மிதந்து கொழுந்தின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"நில்லு," என்றாள் அங்கே இருந்த காவற்காரி. முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "நீ நம்ம சாதிசனம் இல்லை."

"இல்லைதான். கீழே ஊரை அழிக்கிறவனோட உடம்புல வெட்டின துண்டு நான்."

"அதை என்கிட்டயே சொல்றியா?"

"பொய் சொன்னா நம்பிடுவீங்களா? என்னைப் பிடிச்சு வச்சுக்குங்க. அவன் வரும்போது எனக்குத் தெரியும்."

காவற்காரி யோசித்தாள். எதிரியின் துண்டு எதிரியைக் காட்டிக்கொடுக்குமா? அவனுக்கு வழி காட்ட வந்தவளாகவும் இருக்கலாம். அதற்குள் சாற்றில் மிதந்து சாக்கும் வந்து சேர்ந்தது. மூச்சு வாங்கியது.

"அக்கா, அது குப்பை. நோய்க்காரன் துண்டு. என்கிட்ட கொடுத்துடுங்க, உங்க வாசல் சுத்தமா இருக்கும்."

சாக்கு பேசியதில் பொய் ஒன்றும் இல்லை. அதன் மேல் எந்த வாடையும் இல்லை. துணுக்கின் மேல்தான் எதிரியின் வாடை அடித்தது. காவற்காரி துணுக்கைத் தூக்கி நீட்டினாள். சாக்கு வாயைத் திறந்தது.

நீட்டிய கை நின்றது.

"ஒரு குப்பைக்கா கீழேயிருந்து இவ்வளவு தூரம் மூச்சிரைக்க வந்தே?"

சாக்கு ஏதோ சாக்குச் சொல்லத் தொடங்கியது. காவற்காரி காதில் வாங்காமல் துணுக்கைத் தன் வாயில் கவ்விக்கொண்டு, வாசலில் அசையாமல் நின்றாள்.

சாயங்காலம் நூல்கள் வரிசையாக வந்தன. முதல் நூல் கடந்தபோது துணுக்கு சும்மா இருந்தாள். இரண்டாவதுக்கும் சும்மா இருந்தாள். மூன்றாவது நூல் நெருங்கியதும் துள்ளிப் போய், தன் முழு நீளத்துக்கும் அவனோடு ஒட்டிக்கொண்டாள்.

"இவன்தான். இது என் உடம்பு."

காவற்காரி கடித்தாள். வந்தவன் இரண்டாக விழுந்தான். அவன் பின்னால் வந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். திரிக்க ஆள் இல்லாமல் போனதால், புதிதாகச் சாக்குத் தைக்கவும் ஆள் இல்லை.

கீழ் இலை பழுத்து உதிர்ந்தது. அரிவாளும் மோப்பனும் அதோடு போய்விட்டார்கள். கொழுந்து விரிந்தது. அங்கம்மா அதை விரலால் நிமிர்த்திப் பார்த்தாள். சுருட்டை இல்லை, ஒரு மஞ்சள் புள்ளிகூட இல்லை. "இருக்கட்டும்," என்று அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

செடி வெள்ளைப் பூ வைத்த அன்று துணுக்கு கேட்டாள். "இன்னும் என்னை வாயிலேயே கவ்விக்கிட்டிருக்கீங்களே அக்கா. இத்தனைக்கு அப்புறமும் என் மேல சந்தேகமா?"

"உன்னைப் பிடிச்சிருக்கிற வரைக்கும் நான் ஒருத்தனைத்தான் சந்தேகப்படணும்," என்றாள் காவற்காரி. "விட்டுட்டா எல்லாரையும் சந்தேகப்படணும்."