நொடியன் தொட்ட தோள்

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருக்கும் உறுப்புகளுக்கும் வாய் இருந்தது. பஞ்சாலையில் நூல் நூற்கும் மாடத்தியின் மூச்சுக்குழாயைச் சுற்றி, வளையத் தசைகள் கைகோத்துக் காவல் நின்றன. உழைக்கும் கூட்டம். ஓய்வு கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் யார் கொடுத்திருப்பார்கள்?

ஒரு நாள் பஞ்சுத் தூசி படையாகப் புகுந்தது. தசைகளின் தலைவன் இறுக்கன் குரல் கொடுத்தான்.

"கையை இறுக்குங்கடா! வெளிய நின்னு எவன் கத்தினாலும் விடக்கூடாது. நம்ம வீட்டுக்குள்ள வந்து தோளைத் தொட்டுச் சொல்றவன்தான் நம்ம ஆளு."

எல்லோரும் சத்தியம் செய்தார்கள்.

மாடத்தி இருமி இருமித் தூசியை வெளியேற்றினாள். ஆனாலும் பிடி தளரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சில் விசில் சத்தம், உதட்டில் நீலம்.

பிடியை விடச் சொல்லி மூளை உட்கார்ந்த இடத்திலிருந்தே உத்தரவு அனுப்பியது. "பெரிய மனுஷன், வாசல் வரைக்கும்தான் வருவாரு," என்று இறுக்கன் சிரித்தான்.

இதயம் பதறியது. "அண்ணே, அவ செத்தா நீயும் சாவே!"

"தெரியும் தாயி. சத்தியம் பண்ணிட்டோமே!"

அதற்குள் யாரோ மாடத்தியின் நாக்கடியில் ஒரு மருந்தை வைத்தார்கள். கரைந்து ரத்தத்தில் இறங்கினாள் மருந்தக்கா. அவள் மடியில் நொடியன் இருந்தான். படித்தவர்கள் இன்று நைட்ரிக் ஆக்சைடு என்று சொல்லும் வாயு அவன்தான். எந்தச் சுவரும் அவனைத் தடுக்காது. ஆயுள்தான் சில நொடி.

"இறக்கிவிட்டா நீ திரும்ப மாட்டியேடா," என்றாள்.

"மடியிலயே இருந்தா மட்டும் எனக்குச் சிலை வைக்கப் போறாங்களா? இறக்கிவிடுக்கா."

அவள் மடியை அவிழ்த்தாள். நொடியன் தசை வீட்டின் சுவரை ஊடுருவி உள்ளே போய் இறுக்கனின் தோளைத் தொட்டான்.

"தோழா, தூசி போயாச்சு. கையை விடு."

"யாருப்பா நீ?" என்று இறுக்கன் திரும்பினான். யாரும் இல்லை. தோளில் தொட்ட சூடு மட்டும் இருந்தது.

"நம்ம ஆளுதான். விடுங்கடா."

கைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. மாடத்தி நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, "அப்பாடா!" என்றாள்.

தன் உத்தரவால்தான் வழி திறந்தது என்று அன்றே மூளை அறிக்கை விட்டது. விட்டுப் போகட்டும். தசைகளுக்கு உண்மை தெரியும்.

அன்று தொட்டுத்தான், நைட்ரிக் ஆக்சைடை மடியில் சுமந்துவரும் மருந்து அதை அவிழ்த்துவிட்டதும் மூச்சுக்குழாய்த் தசைகள் பிடி தளர்கின்றன; நொடியன் மட்டும் தன் பெயரைச் சொல்ல நிற்பதே இல்லை.