செவலை கிளிக்குக் குடுத்த பேச்சு

இல்ல சார், நான் ஒத்துக்க மாட்டேன். கிளிக்குப் பேச்சு வரும், மாட்டுக்கு வராதுன்னு வகுப்புல எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. ‘ம்மா’ன்னு கத்துறதெல்லாம் ஒரு மொழியான்னு சிரிச்சீங்க. கிளிக்கு அந்தப் பேச்ச யார் குடுத்தான்னு தெரியுமா உங்களுக்கு? தெரியாதுல்ல. அப்ப குறுக்க பேசாம கேளுங்க.

அந்தக் காலத்துல எல்லா உயிரும் பேசும், கிளி ஒண்ணத் தவிர. அதுக்கு வெறும் கீச்சுதான். நல்லாப் பேசுறது மாடு. அதுலயும் கொள்ளிடக் கரையில செவலைன்னு ஒரு பசு, வாயத் திறந்தா நாள் பூரா பேசுவா.

அவளுக்குப் புதுசா ஒரு கன்னு. ஆத்து நடுவுல ஒரு மணல் திட்டு. அங்க நாணல் நிழல்ல கன்னைப் படுக்க வச்சுட்டு, கணுக்கால் தண்ணியத் தாண்டி இக்கரைக்கு மேய வந்தா. நல்ல வெயில். திரும்பிப் பாத்தா, தண்ணி செம்மண் நிறத்துல நுரையும் சருகுமா வருது. மேக்க மலையில மழை பேஞ்சா இங்க வெயில்லயே வெள்ளம் வரும். அது அவளுக்குத் தெரியும். இறங்குனா, இழுப்பு அவளையே புரட்டுது. கூப்பிட்டுப் பாத்தா, தூங்குற கன்னு எந்திரிக்கல.

கரை மரத்துல கிளி உக்காந்திருந்துச்சு.

“தங்கச்சி, பறந்து போயி எம்புள்ளைய எழுப்பி, தண்ணி வருது, மேட்டுக்குப் போன்னு சொல்லு.”

கிளி கீச்சுன்னுச்சு. பேச்சில்லாம எப்படிச் சொல்றது?

“எம்பேச்ச எடுத்துக்க. எல்லாத்தையும் எடுத்துக்க.”

அப்பல்லாம் பேச்சக் குடுத்துட்டா, குடுத்தவங்க வாயில தானாத் திரும்ப ஊறாது. செவலை யோசிக்கவே இல்ல. கிளி அவ வாய்லேர்ந்து ஒவ்வொண்ணாக் கொத்தி எடுத்துச்சு. கன்னு பொறந்தப்போ நக்கிக்கிட்டே அவ போட்ட ஒரு சத்தம் மட்டும் தொண்டைக்குள்ள இருந்துச்சு. இதெல்லாம் ஒரு வார்த்தையான்னு கிளி அத விட்டுட்டுப் பறந்துருச்சு.

திட்டுக்குப் போயி, கன்னைக் கொத்தி எழுப்பி, கணீர்னு சொன்னுச்சு. “தண்ணி வருது, மேட்டுக்குப் போ.”

கன்னு சோம்பல் முறிச்சுச்சு. “தண்ணியா? நல்லதாப் போச்சு கிளியக்கா, தாகமா இருக்கு.”

“தண்ணி வருது, மேட்டுக்குப் போ.”

“குடிச்சுட்டுப் போறேனே. எதுக்கு இப்பவே போகணும்?”

“அது தெரியாது. சொல்லச் சொன்னாங்க, சொல்றேன்.”

கிளியத் திட்டாதீங்க. இலையில சொட்டுற தண்ணிதான் அதுக்குத் தண்ணி. அது பெருகுனா பறந்துரும். வெள்ளத்துக்குப் பயப்படணும்னு அதுக்கு எப்படித் தெரியும்? கன்னு குதிச்சுக்கிட்டே இறங்கி, முட்டி நனைய நின்னு குடிக்க ஆரம்பிச்சுச்சு.

இக்கரையில செவலை பாத்துட்டா. சொல்றதுக்கு அவ்வளவு இருக்கு, வாயில ஒண்ணும் இல்ல. இருந்த ஒண்ணப் போட்டா.

“ம்மா...”

கன்னு தலையத் தூக்குச்சு. நரி வந்த அன்னிக்கு அம்மா இப்படித்தான் கத்துனா. குடிச்சத விட்டுட்டு ஓடுச்சு. ஆனா எங்க? அம்மாகிட்டதான், நேரா வெள்ளத்துக்குள்ள.

செவலை நிக்கல. திட்டோட மேட்டுக்கு நேரா இக்கரையோரமாவே ஓடுனா. தாய் போற பக்கந்தான கன்னும் போகும். அதுவும் தண்ணிய விட்டுத் திரும்பி, திட்டுலயே கூட ஓடி மேடேறிருச்சு. திரும்பவும் தண்ணியில கால வைக்கப் போச்சு. செவலை அதே சத்தத்தத் தணிச்சு, மூக்குக்குள்ளயே போட்டா. புல்லுக்குள்ள மறைச்சு வைக்கும்போது போடுறது அது. கன்னு அப்படியே படுத்துக்குச்சு.

தண்ணி வடியிற வரைக்கும் அந்தச் சத்தம் நிக்கவே இல்ல. வடிஞ்சதும் ஓடிப் போயி காது, மூக்கு, வாலுன்னு நக்குனா. கிளி பக்கத்துல வந்து, “அக்கா, உம்பேச்ச வாங்கிக்க,” அப்படின்னுச்சு. செவலை நிமிரக்கூட இல்ல. நாக்குக்கு வேற வேலை இருந்துச்சு.

அன்னிலேர்ந்துதான் கிளி எல்லாத்தையும் சொல்லுது, பூனை வந்தாலும் ‘வாங்க, உக்காருங்க’ங்குது. செவலை வழியில வந்த மாட்டுக்கெல்லாம் ஒரே சத்தம்தான். ஆனா அது பசியா, பயமா, கன்னைத் தேடுதான்னு கேக்குறவங்களுக்குத் தெரியுது.

இப்ப நீங்க சொல்லுங்க சார். கன்னு எதக் கேட்டுப் பொழைச்சுச்சு? என்கிட்ட தனியா வந்து சொல்ல வேணாம். நாளைக்கு அதே வகுப்புல, எல்லார் முன்னாடியும் பதில் சொல்லுங்க.