பின்னால் நகர்ந்த புள்ளி

உலகத்தைச் சுற்றிவர வண்டி எடுத்தவர்களில் ஆதிமூலம் அளவுக்கு அவசரக்காரர் இன்னொருவர் இருந்தால், அவர் இந்நேரம் சுற்றி முடித்துவிட்டு வீட்டில் சலித்துப்போய் உட்கார்ந்திருப்பார்.

ஆதிமூலம் பாளையங்கோட்டைக்காரர். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் பொருத்தி, மனைவி பிரமுவை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். வழி தெரியாமல் கிளம்பவில்லை. முன்னால் ஜெசிந்தாவின் லாரி போகும், பின்னால் இவர் போவார்.

ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. ஆதிமூலத்துக்கு மகள் வயது. உப்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவள், ஒரு நாள் சொந்த லாரியை எடுத்துக்கொண்டு போய் உலகத்தையே சுற்றிவிட்டு வந்தாள். அது போதாதென்று இன்னொரு தடவையும் சுற்றினாள். இது மூன்றாவது. கற்றுக்கொள்ள ஆசைப்பட்டவர்கள் அவள் பின்னால் வரலாம். அவள் அவரை அண்ணாச்சி என்பாள், அவர் அவளை வாத்தியாரம்மா என்பார். முதல் மலை இறக்கத்தில் எந்த கியர் போடுவதென்று தெரியாமல் விழித்த அன்றைக்கே, அவர் தன் வயசை மூட்டை கட்டி வைத்துவிட்டார்.

அவசரத்துக்குக் காரணம் ஒரு சிவப்புப் புள்ளி. வேன் எங்கே இருக்கிறது என்று ஊரில் உள்ள நண்பர்களின் செல்போனில் அது தெரியும். காலையில் டீ குடிக்கும்போது எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். ஒரு நாள் வண்டி நின்றால் போதும். "என்னவே, புள்ளி நகரலையே. பஞ்சரா, இல்ல பயந்துட்டீரா?" என்று கேட்டு உயிரை வாங்கிவிடுவார்கள். மனுஷன் அந்தப் புள்ளிக்காகவே ஓட்டினார். நேபாளமும் திபெத்தும் சீனாவும் கண்ணாடிக்கு வெளியே ஓடிப்போயின.

கிர்கிஸ்தானில், தலைநகர் பிஷ்கெக்குக்குப் போகிற வழியில், மலைப் புல்வெளி ஒன்றில் தங்கியிருந்த காலை. ஓடையில் பாத்திரம் கழுவிக்கொண்டே பிரமு சொன்னாள்.

"பிஷ்கெக் போனதும் நான் ப்ளேன்ல ஊருக்குப் போறேன். நீங்க சுத்திட்டு வாங்க."

சண்டைக் குரலில் சொல்லியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார். உப்பு தீர்ந்துபோச்சு என்று சொல்லுகிற குரலில் சொன்னாள். அவள் இல்லாத வேனை நினைத்துப் பார்த்தார். அதற்குப் பேசாமல் பாளையங்கோட்டையிலேயே இருந்திருக்கலாம்.

ஜெசிந்தா லாரியின் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளிடம் போனார்.

"வாத்தியாரம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"இன்னும் என்ன வேகத்துல போனா இந்த உலகத்தச் சீக்கிரம் சுத்தி முடிக்கலாம்?"

"எதுக்கு?"

"பிரமு பாதியிலேயே ஊருக்குப் போறேங்கா. ரொம்ப நாள் இழுக்குதுன்னு சலிச்சுப்போச்சு போல. சுருக்க முடிச்சிருவோம்னு சொன்னா வந்துருவா."

ஜெசிந்தா அடுத்த சக்கரத்தைத் தட்டினாள்.

"மதினி போறேன்னு சொல்லுறதுக்கு முன்னால, கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

அவர் யோசித்தார். நேற்று மதியத்துக்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"நிறுத்துங்கன்னு சொன்னா."

"எங்க?"

"பின்னால எங்கயோ. நீங்க முன்னால போயிட்டிய. ஒரு கூடாரத்துல கூப்பிட்டு டீ குடுத்தாங்க. குடிச்சிட்டுக் கிளம்பினோம். அந்த வீட்டுக்காரி பின்னாலயே ஓடி வந்தா. டாட்டா காட்டுறான்னு நானும் கையக் காட்டிட்டு வந்துட்டேன்."

"அந்த இடத்தக் காட்டுங்க."

ஜெசிந்தா லாரியில் ஏறினாள். அந்தக் குறுகலான மலைச்சாலையில் முன்னும் பின்னும் எடுத்து, வந்த திசையைப் பார்த்து லாரியைத் திருப்பி நிறுத்தினாள்.

ஆதிமூலம் பதறிவிட்டார். உலகம் சுற்றுகிறவன் வந்த வழியே திரும்பக் கூடாது என்பது அவராகவே போட்டுக்கொண்டு, எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்த சட்டம்.

"ஐயோ, புள்ளி பின்னால போகுமே!"

"போகட்டும். நீங்க முன்னால போங்க. இடம் தெரிஞ்சவங்கதான முன்னால போகணும்."

போனார். வேறு என்ன செய்வது? கொஞ்ச தூரத்திலேயே செல்போன் கத்த ஆரம்பித்தது. ஒருத்தர், இரண்டு பேர், பிறகு மொத்தக் கூட்டமும். அவருக்குக் காது மடல் சிவந்தது. பிரமு பக்கத்து இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கே போகிறோம் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

சாலையின் இரண்டு பக்கமும் புல்வெளி. புல்வெளி முழுக்க வெள்ளைக் கூடாரங்கள், எல்லாம் ஒரே அச்சு. ஒவ்வொன்றின் முன்னாலும் புகை, குதிரை, காயப்போட்ட துணி. அவர் ஒன்றின் முன் வேகத்தைக் குறைத்தார். இதுவா? தெரியவில்லை. அடுத்ததா? அதுவும் தெரியவில்லை. நேற்றுத்தான் இதே சாலையில் வந்திருக்கிறார். சாலையில் இருந்த குழிகள் மட்டும்தான் ஞாபகம் இருந்தன.

கடைசியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். பின்னால் லாரியும் நின்றது. ஜெசிந்தா இறங்கவும் இல்லை, ஹாரன் அடிக்கவும் இல்லை.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். கேட்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டார்.

"பிரமு, நேத்து டீ குடிச்சோமே, அது எங்க இருக்கு?"

அவள் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"அங்க போறதுக்கா திரும்புனிய?"

"ஆமா."

கட்டிய கையை அவள் பிரித்துக்கொண்டாள்.

"இன்னும் போகணும். ஒரு பாலம் வரும். பாலத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு குட்டி போட்ட கழுதை ஒண்ணு நிக்கும். பச்சைச் சட்டை போட்ட கிழவர் குதிரைக்கு லாடம் அடிச்சிட்டு இருப்பாரு. அவர் கூடாரத்துக்கு அடுத்தது."

பாலம் வந்தது. கழுதையும் குட்டிகளும் நின்றன. கிழவர் இன்றைக்குச் சட்டையை மாற்றியிருந்தார், அவ்வளவுதான்.

அடுத்த கூடாரத்தின் வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். நல்ல உயரம், தலையில் துணி கட்டியிருந்தாள். வேனைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு திட்டத் தொடங்கினாள். பாஷை புரியவில்லை. திட்டு என்பது மட்டும் எந்த பாஷையிலும் புரிந்துவிடும். லாரியிலிருந்து இறங்கி வந்த ஜெசிந்தா, தனக்குத் தெரிந்த கொஞ்சம் ரஷ்ய மொழியில் அவளிடம் பேசினாள். பிறகு இவர்களிடம் சொன்னாள்.

"உங்களுக்காக மாவு பிசைஞ்சு ரொட்டி போட்டிருக்காங்க. அது வேகுறதுக்குள்ள கிளம்பிட்டியளாம். சுடச்சுட எடுத்துக்கிட்டு ஓடி வந்திருக்காங்க. அண்ணாச்சி டாட்டா காட்டினாராம்."

ஆதிமூலத்துக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

பிரமு நேராக அந்தப் பெண்ணிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிரு தாயி. இவரு இப்படித்தான். அப்பவே நிறுத்துங்க நிறுத்துங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்" என்று சுத்தமான திருநெல்வேலித் தமிழில் சொன்னாள். அந்தப் பெண் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். பிறகு தன் கூடாரத்துக்குள் கையை நீட்டி, அங்கே படுத்திருந்த தன் புருஷனைக் காட்டி ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிரமு சிரித்து எத்தனை நாளாயிற்று! எந்த நாட்டில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது என்று யோசித்துப் பார்த்தார். அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

மறுபடி மாவு பிசையப்பட்டது. ஒரு இரும்புத் தட்டில் வைத்து, இன்னொரு இரும்புத் தட்டால் மூடி, சாணத் தணலுக்குள் புதைத்தாள் அந்தப் பெண். தணலைக் கிளறுகிற வேலை பிரமுவுக்கு. ஆதிமூலத்துக்கு வேலை இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். வேனுக்குள் செல்போன் கத்திக் கத்தி ஓய்ந்தது. வெயில் முதுகுக்கு இதமாக இருந்தது. கழுதைக் குட்டி ஒன்று வந்து அவர் செருப்பை முகர்ந்துவிட்டுப் போனது.

ரொட்டி வெந்தது. அந்தப் பெண் முதல் துண்டைப் பிய்த்து அவர் கையில் வைத்தாள். இன்னும் கோபம் கொஞ்சம் மிச்சமிருந்தது, வைத்த விதத்தில் தெரிந்தது. உள்ளங்கை சுட்டது. அவர் கீழே போடவில்லை.

பிரமு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் மெல்லக் கேட்டார்.

"பிஷ்கெக்குல டிக்கெட் போடணும்னியே."

"அதான் நிறுத்தியாச்சே. இனி எதுக்கு ப்ளேனு? சாப்பிடுங்க, ஆறிரப்போகுது."

அவருக்குக் கண் கலங்கியது. சாணப்புகை என்று சொல்லிக்கொள்ளலாம்தான், ஆனால் புகை வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதனால் அவர் கண்ணைத் துடைக்காமல் அப்படியே விட்டுவிட்டு, ரொட்டியைத் தின்றார்.

கிளம்பும்போது அந்தப் பெண் வேனைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்து, பிரமுவின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். ஆதிமூலம் வண்டியில் ஏறாமல் ஜெசிந்தாவைத் தேடிப் போனார். அவள் லாரிக் கதவில் சாய்ந்து கடைசித் துண்டைத் தின்றுகொண்டிருந்தாள்.

"வாத்தியாரம்மா, நான் காலையில கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே. என்ன வேகத்துல போகணும்?"

ஜெசிந்தா கையைத் தட்டிக்கொண்டாள்.

"மதினி நிறுத்துங்கன்னு சொன்னா, அந்த இடம் தாண்டுறதுக்குள்ள வண்டி நிக்கணும். அந்த வேகத்துல போங்க அண்ணாச்சி."