கண்ணுக்குத் தெரியாத வரி

நாகர்கோவிலில் கனகமுத்து என்றொரு சத்துமாவு முதலாளி. நாலு வரி எழுத வராது. எழுத்தாளர் என்ற பேர் மட்டும் வேண்டும். அவருடைய வலைத்தளத்தைப் பார்த்துக்கொண்டவன் ஜெரோம்.

ஜெரோமின் அக்கா லீமா புற்றுநோயில் கிடந்தபோது, புண்ணான தொண்டையிலும் இறங்குகிற கஞ்சிகளைப் பற்றித் தன் தளத்தில் எழுதிவந்தாள். அவள் அடக்கம் முடிந்த மறுவாரமே முதலாளி ஜெரோமைக் கூப்பிட்டார்.

"செத்தவ வந்து கேக்கவா போறா? எல்லாத்தையும் எடுத்து நம்ம தளத்துல போடு. மேல என் பேர் இருக்கணும். மத்தபடி ஒரு எழுத்து மாறக்கூடாது. கூகுள்ல தேடினா அதுதான் முதல்ல வரணும்."

"ஒரு எழுத்தும் மாறாது சார்."

அந்தப் பக்கங்களின் திறப்பு விழாவில் முதலாளி ஒரு பக்கத்தை உருக்கமாக வாசித்துவிட்டு, "நீங்களே போன்ல தேடிப் பாருங்க" என்றார். அதே வரிகள் எல்லார் போனிலும் வந்தன. ஆனால் லீமாவின் தளத்தில், முடி உதிர்ந்த தலையோடு அவள் சிரிக்கும் படத்துக்குக் கீழே.

"என்னலே வேலை செஞ்ச?"

"நீங்க சொன்னதுதான் சார். ஒவ்வொரு பக்கத்துக்குள்ளயும் அக்கா ஒரு வரி வச்சிருந்தா. கண்ணுக்குத் தெரியாது, கனானிக்கல்னு பேரு. எத்தனை நகல் இருந்தாலும் அசல் முகவரி இதுதான்னு கூகுளுக்குச் சொல்ற வரி. அதையும் மாத்தாமத்தான் எடுத்தேன்."

கூட்டம் முணுமுணுத்தது. முதலாளி மைக்கை வைத்துவிட்டு நழுவினார்.

ஒரு அம்மா போனை நீட்டிக்கொண்டு ஜெரோமிடம் வந்தாள். "தம்பி, என் மகளுக்கும் இதே நோவுதான். தண்ணிகூட இறங்கல. இந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். நம்பர் இருக்கா?"

ஜெரோம் அவள் போனை வாங்கித் தன் நம்பரைப் பதிந்து கொடுத்தான்.