பதினாறு வகைக்கு எந்தப் பெயர்?

"மனுஷங்க மொத்தம் பதினாறு வகை. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பதினாறுக்கும் என்ன பேர் வைக்கிறதுங்கிறதுலதான் உலகமே ரெண்டாப் பிரிஞ்சு நிக்குது" என்றார் தில்லைநாயகம்.

நல்லம்மை மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உலகமா?" என்றாள்.

தில்லைநாயகம் கொஞ்சம் யோசித்தார்.

"திருச்சி" என்றார்.

அவர் பாலிடெக்னிக்கில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வயதில் அம்மை அவருக்கு மகள் மாதிரி. ஆனால் அவள் நடத்துகிற அந்தச் செம்மண் காட்டு மடத்துக்குக் கேள்வியோடு வருகிறவர்கள் அவள் வயதைப் பார்ப்பதில்லை. கேட்டுவிட்டுப் போனால் தூக்கம் வருகிறது என்று பேசிக்கொண்டார்கள். அது போதாதா?

தில்லைநாயகத்துக்கோ தூக்கம் போய் நெடுநாள் ஆகிவிட்டது.

ஓய்வு பெற்றவர்களில் சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்குப் பக்தி வரும். அவருக்குச் சோசியானிக்ஸ் வந்தது. ஒரு ஆள் உலகத்தை எப்படி உள்ளே வாங்கிக்கொள்கிறார், அதை எப்படித் திருப்பிக் கொடுக்கிறார் என்று பார்த்து வகை பிரிக்கிற சாத்திரம் அது. பதினாறு வகை. ஒவ்வொரு வகைக்கும் அச்சாகப் பொருந்துகிற ஜோடி வகை ஒன்று உண்டு. ஒத்தே வராத வகை ஒன்றும் உண்டு.

அவர் இதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல உட்கார முடியவில்லை அவருக்கு. எழுந்து நின்று, கைவிரலால் காற்றில் கட்டம் போட்டுக் காட்டினார்.

"தனியாவா படிச்சீங்க?" என்று அம்மை கேட்டாள்.

தனியாக இல்லை. வீட்டுக்காரியோடு சேர்ந்துதான். அந்த அம்மாள் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆளைப் பார்த்ததும் எடை போடுகிற கண். இருவரும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் மாடியில் ஒரு வாசகர் வட்டம் நடத்தினார்கள். டீ, முறுக்கு, பதினாறு வகை. பால்காரர் எந்த வகை, மாப்பிள்ளை எந்த வகை, எதிர் வீட்டு வக்கீல் எந்த வகை என்று தெருவையே பிரித்துப் போட்டார்கள்.

கடைசியில் தங்களையும் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு பேரும் அச்சாகப் பொருந்துகிற ஜோடி வகை என்று வந்தது. அன்றைக்குத் தெருவுக்கே லட்டு வாங்கிக் கொடுத்தார் தில்லைநாயகம். கல்யாணமாகி முப்பது வருஷம் கழித்துப் பொருத்தம் பார்த்து, பொருந்துகிறது என்று தெரிந்து குதித்த தம்பதி அவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

"அப்புறம் என்ன?"

"அப்புறம்தாம்மா பேர் வந்தது."

பதினாறு வகைக்கும் மூன்று விதமாகப் பெயர் சொல்கிற வழக்கம் அந்தச் சாத்திரத்தில் இருக்கிறது. ஒன்று, மூன்று எழுத்துக் குறி. இரண்டாவது, ஆள் செய்கிற வேலையை வைத்து ஒரு பெயர்: ஆய்வாளர், உற்சாகி, தேடுபவர் என்பது போல. மூன்றாவது, ஊரறிந்த பெரிய மனிதர் ஒருவரின் பெயரை அந்த வகைக்கே வைத்துவிடுவது.

தில்லைநாயகம் எழுத்துக் கட்சி. எழுத்து சுத்தம். எழுத்துக்கு முகம் கிடையாது, ஜாதி கிடையாது, கூட்டிக் கழிக்கலாம். அந்தக் கணக்கில் அவர் எல் ஐ ஐ. அவர் மனைவி ஈ எஸ் ஈ.

மனைவியோ பெரிய மனிதர் கட்சி. மூன்று எழுத்தைப் பார்த்தால் யாருக்காவது முகம் ஞாபகம் வருமா, சிரிப்பு வருமா என்பது அவர் கேள்வி. தன் வகைக்குப் பழைய ராணி ஒருத்தியின் பெயரை வைத்துக்கொண்டார். பதினாறுக்கும் அப்படியே நம் பக்கத்து ராஜா, மந்திரி, தளபதி என்று தேடித் தேடி வைத்தார்.

பின்கட்டில் வாடகைக்கு இருந்த பல் டாக்டர் நடுவில் புகுந்தார். வேலைப் பெயர்தான் சரி என்று அவர் ஒரு கட்சி கட்டினார்.

மூன்றிலும் கோளாறு இருந்தது. நீங்கள் இந்த மூன்றெழுத்து என்று சொன்னதும், என் வண்டி நம்பரா என்று பால்காரர் கேட்டார். ராஜா பெயர் கிடைத்த வக்கீல் அன்றிலிருந்து டீயைத் தானே எடுத்துக்கொள்வதில்லை, யாராவது கொண்டுவந்து கொடுக்கக் காத்திருந்தார். வேலைப் பெயரை மனைவியே கவிழ்த்துவிட்டார். அந்தக் கணக்கில் அவர் வகைக்கு உற்சாகி என்று பெயர். ஒருநாள் அவர் தலைவலியோடு படுத்திருந்தபோது பல் டாக்டர் எட்டிப் பார்த்து, உற்சாகி ஏன் படுத்திருக்கிறார் என்று கேட்டாராம். உற்சாகிக்குத் தலை இல்லையா, அது வலிக்கக் கூடாதா என்று படுத்தபடியே கேட்டாராம் அந்த அம்மாள்.

இதைச் சொல்லிவிட்டுத் தில்லைநாயகம் தானே சிரித்தார். அம்மையும் சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் அவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

அம்மை மண்வெட்டியைத் தரையில் ஒரு குத்துக் குத்தி, பிடி இறுகிவிட்டதா என்று பார்த்தாள். அவசரமில்லை அவளுக்கு.

"ஆண்டு விழா அன்னைக்கு" என்று மெதுவாக ஆரம்பித்தார்.

விழாவுக்கு மாடி கொள்ளாத கூட்டம். மூன்று கட்சியும் வந்திருந்தது. தில்லைநாயகம் பேச எழுந்தார். எழுத்துக் குறியின் அருமையைச் சொல்லி முடித்து உட்கார்ந்திருக்கலாம். கூட்டம் கை தட்டியது, வாய் சும்மா இருக்கவில்லை. ராணி பேரும் ராஜா பேரும் வைக்கிறது சின்னப்பிள்ளை விளையாட்டு, ஈ எஸ் ஈ ஆட்களுக்கு ஆராய்ச்சி ஓடாது, அவர்களுக்குப் பலகாரம் செய்யத்தான் வரும் என்று சொல்லிவிட்டார்.

அப்போது மனைவி முறுக்குத் தட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

எல்லோருக்கும் முறுக்கைக் கொடுத்து முடித்தார். மறுநாள் காலையில் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். போன் அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. எந்தப் பேர் சரி? சொல்லிட்டீங்கன்னா நான் போய் அவளைக் கூட்டிட்டு வந்துருவேன்."

"எழுத்துதான் சரின்னு நான் சொன்னா?"

"பாத்தியா, அம்மையே சொல்லிட்டாங்கன்னு சொல்லிக் கூட்டிட்டு வருவேன்."

"ராணி பேர்தான் சரின்னு சொன்னா?"

இப்படி ஒரு பதில் வரலாம் என்று அவர் நினைத்தே பார்க்கவில்லை.

"அப்பவும் போவேன்" என்றார்.

சொன்ன பிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அம்மை மண்வெட்டியைச் சுவரில் சாத்தினாள்.

"இதே கேள்வியோட உங்களுக்கு முன்னாடியே ஒரு அம்மா வந்தாங்க."

"யாரு?"

"நர்ஸம்மா."

அக்கா வீட்டுக்கு அல்லவா போனாள், இங்கே எப்படி வந்தாள், எப்போது வந்தாள், சாப்பிட்டாளா, கோபமாக இருக்கிறாளா என்று ஒன்றின் மேல் ஒன்றாகக் கேட்டார். அம்மை எதற்கும் பதில் சொல்லாமல் நடந்தாள். அவர் ஒரு செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வியோடு வந்தவர் பதில் கிடைக்கிற வரைக்கும் காட்டு வேலை செய்ய வேண்டும். அப்போது கடலை பிடுங்கும் காலம். பிடுங்கிப் போட்ட கொடிகளைக் குவித்து வைத்து, சுற்று வட்டாரத்துப் பெண்கள் எல்லாம் காடு நிறைய உட்கார்ந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். எதிர்வெயில். அதனால் அத்தனை பேரும் வரப்புக்கு முதுகு காட்டி, தலையோடு துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். எல்லா முதுகும் ஒன்றுபோல இருந்தது.

தில்லைநாயகம் இறங்கப் போனார். அம்மை கையை நீட்டி மறித்தாள்.

"இறங்க வேண்டாம். இங்க நின்னே கூப்பிடுங்க. அவங்க எந்தப் பேருக்குத் திரும்புறாங்களோ, அதுதான் சரியான பேர்."

தில்லைநாயகத்துக்கு உடம்பு சிலிர்த்தது. சோதனை! இத்தனை நாள் மாடியில் கத்தியவர்களில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லையே. பதிலை வைத்து நிரூபிக்கிற கணக்கு அல்லவா இது. எழுத்துக் கட்சி ஜெயிக்கப் போகிறது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இல்லையென்றாலும் பரவாயில்லை என்றும் தோன்றியது.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஈ எஸ் ஈ" என்று கூப்பிட்டார்.

ஒரு தலையும் அசையவில்லை. என்ன விற்கிறார் என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்.

"உற்சாகி" என்று கூப்பிட்டார்.

காட்டில் சிரிப்பு கிளம்பியது. ஆளுக்கு ஒருதரம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்துச் சிரித்தார்கள். திரும்பத்தான் இல்லை.

தில்லைநாயகம் அம்மையைப் பார்த்தார். அவள் குனிந்து காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்தது ராணியின் பெயர். அதைக் கூப்பிட்டு அவள் திரும்பிவிட்டால் தோற்றது அவர்தான். முதலில் வாய்க்குள்ளேயே சொன்னார். கேட்கவில்லை என்றாள் அம்மை, முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் கண்ணை மூடிக்கொண்டு காடே அதிரக் கூப்பிட்டார்.

கண்ணைத் திறந்தார். முதுகுகள் அப்படியே இருந்தன.

தோற்கவில்லை. ஆனால் ஒரு துளி சந்தோஷம்கூட வரவில்லை. அவளே வைத்துக்கொண்ட பெயருக்கே திரும்பவில்லை என்றால் என்ன அர்த்தம்?

இனி ஒன்றுதான் மிச்சம். அவளுடைய சொந்தப் பெயர். கல்யாணப் பத்திரிகையில் படித்திருக்கிறார், ரேஷன் கார்டில் பார்த்திருக்கிறார். வாய்விட்டு ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இந்த வயதில் அதைச் சொல்ல அவருக்குக் காது சூடாகியது.

"சௌந்தரம்" என்றார்.

இரண்டு பேர் திரும்பினார்கள்.

ஒருத்தி பல் போன கிழவி. இன்னொருத்தி, என்னையா கூப்பிட்டீங்க என்று கேட்டாள். தில்லைநாயகம் இருவரையும் பார்த்துக் கும்பிட்டார். அவர்கள் மறுபடி வேலையைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. சின்னப் பயம் இல்லை. குரல் கேட்காமல் இருக்குமா அவளுக்கு? கேட்கிறது. வர மனமில்லை. தினமும் காலையில் காப்பிக்கு இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறார் அவர். இனிமேல் சாகிற வரைக்கும் அப்படித்தானோ? பதினாறு வகையும் மூன்று கட்சியும் கட்டமும் கணக்கும் தலையை விட்டு எங்கேயோ போயின. அவள் வேண்டும். அவ்வளவுதான்.

கூப்பிட வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை.

"இந்தா" என்றார்.

சத்தமாகக்கூட இல்லை. அந்தச் சீமையில் ஆம்பிளை எவனும் பெண்டாட்டியை அப்படித்தான் கூப்பிடுவான். அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அவரவர் வீட்டில் அதுதான் பெயர். அத்தனை பேரும் கடலை ஆய்ந்துகொண்டே இருந்தார்கள்.

நடுவில் ஒருத்தி மட்டும் கையில் இருந்த கொடியைக் கீழே வைத்தாள். துண்டை ஒதுக்கினாள். திரும்பினாள்.

தில்லைநாயகம் வரப்பை விட்டு எப்போது இறங்கினார் என்று அவருக்குத் தெரியாது. கொடிகளை மிதித்துக்கொண்டு, ஒரு கால் செருப்போடும் ஒரு கால் மண்ணோடும் ஓடினார். அம்மை தடுக்கவில்லை. காட்டில் இருந்த எல்லாப் பெண்களும் இப்போது அவரையே பார்த்தார்கள்.

"அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார், இத்தனை பேர் முன்னாடியும்.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. கண்ணில் மட்டும் சிரிப்பு அடங்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். இவ்வளவு நேரம் யார் யாரையோ கூப்பிட்டுக்கிட்டு இருந்தீங்களே" என்றாள். "அவங்க ஒருத்தரும் வரலையா?"