செவலைப் பசு படுத்துக்கிட்ட குகை வாசல்

ஒரே ஒரு ஊர்ல பயந்தாங்கொள்ளி ராசா ஒருத்தர் இருந்தாராம். பேரு மருதவேலு. அவர்கிட்ட செவலைன்னு ஒரு பசு, அதுக்குப் பொறந்து எட்டே நாளான கன்னுக்குட்டி.

ஒருநாள் சேதி வந்துச்சு: ஐம்பத்தாறு தேசத்துலயும் கடல் ஏறுது, மண்ணு பிளக்குது, மழை விடவே மாட்டேங்குது. ராசாவுக்கு வேர்த்துக் கொட்டுச்சு. உலகத்துலயே பத்திரமான இடம் எதுன்னு மந்திரி தாண்டவனைக் கேட்டாரு. அவரு மூக்காலயே பேசுவாரு, மலை உச்சின்னாரு.

எந்த வீடானாலும் பசு முதல்ல நுழையணும், பால் காய்ச்சிப் பொங்கணும், அப்புறந்தான் மனுசன் கால் வைக்கணும். அந்த ஊர் வழக்கம் அது. அப்ப யாரை இழுத்தாங்க? செவலையைத்தான். கன்னு வீண் சுமை, கொட்டில்லயே கெடக்கட்டும்னுட்டாரு மந்திரி. ஊர் சனமும் சுமைதானாம்!

செவலை மூச்சு வாங்க ஏறுச்சு, பால் பொங்குச்சு, உடனே இடி விழுது இறங்குன்னாங்க, இறங்குச்சு. அடுத்து கடல் நடுவுல தீவுன்னாரு மந்திரி. கடல் ஏறுறப்ப தீவுக்குப் போவாங்களா, நீயே சொல்லு. போனாங்க. பால் பொங்குச்சு, அலை வந்துச்சு, திரும்புன்னாங்க, திரும்புச்சு. மூணாவதா குகைன்னாரு. செவலைக்கு மடி கனத்து வலிக்குது, மனசெல்லாம் கொட்டில்லயே கெடக்குது.

குகை வாசல்ல வந்து படுத்துக்கிச்சு. ராசா கெஞ்சுனாரு, சேவகன் தள்ளுனான், மந்திரி வாலை முறுக்குனாரு. அசையல. செவலை வாயைத் தொறந்து சொல்லுச்சு:

"மலைக்கு வான்னீங்க, வந்தேன். தீவுக்கு வான்னீங்க, வந்தேன். எம்புள்ளை கயித்துல கெடக்குது, நீங்க வீடு பாத்துத் திரியிறீங்க. அது இல்லாத எடத்துல நான் பால் தர்றதா இல்ல. வேணும்னா மந்திரியைக் கறந்துக்குங்க."

அதுக்குள்ள மழை கொட்ட ஆரம்பிச்சுருச்சு. பசுவாவது பாலாவதுன்னு மந்திரி உள்ள பாஞ்சு, கல்லை உருட்டி வாசலை அடைச்சுட்டாரு. வெளிய நின்ன ராசா, அப்ப நானுன்னு கேட்டாரு.

"எடம் இல்லீங்க மகாராசா."

செவலை எந்திரிச்சு ஓடுச்சு, அது கயித்தைப் புடிச்சுக்கிட்டு ராசாவும் ஓடுனாரு. கொட்டில்ல முழங்கால் தண்ணி. கன்னைக் காணோம். செவலை கத்திக் கூப்புட்டுச்சு. அப்ப களத்துமேட்டுலேருந்து ஒரு சத்தம்: "ம்மா..."

சுமைன்னு விட்டுட்டுப் போன சனந்தான் கன்னை அவுத்துக்கிட்டுப் போயி, ஆட்டுப்பாலு ஊட்டி வச்சிருந்துச்சு. இவங்க வீடு தேடித் திரிஞ்ச நாளெல்லாம் அதுங்க மேட்டுல மண்ணு கொட்டி ஒசத்தி, தண்ணி சுத்திப்போக வாய்க்காலும் வெட்டியிருந்துச்சுங்க. செவலை ஓடிப்போயி கன்னை நக்குச்சு. பூவாத்தாங்கிற கெழவி ராசா கையில மண்வெட்டியைத் திணிச்சா.

"மலை, தீவு எல்லாம் பாத்தாச்சா? இந்தப் பக்கம் கரை கரையுது, மண்ணை அள்ளிப் போடு."

ராசா அள்ளிப் போட்டாரு. கரை நின்னுச்சு.

ஒம்போதாம் நாள் மழை விட்டுச்சு. மண்ணு சரிஞ்சு மூடுன குகையைத் தோண்டுனா, வவ்வாலோட குடும்பம் நடத்தி எலும்புந்தோலுமா வந்தாரு மந்திரி. அவரைக் கொட்டில்ல சாணி அள்ள வச்சாங்க. கன்னு ஒதைக்காத பத்திரமான மூலை எதுன்னு இன்னும் தேடிக்கிட்டே இருக்காராம்.

மத்தவங்களை வெளிய தள்ளிட்டுப் பூட்டிக்கிற எடம் பத்திரமான எடமே இல்ல. கன்னு தூங்கிருச்சு, செவலையும் தூங்கிருச்சு, இனி கண்ணை மூடாதவங்க மந்திரிக்கு ஒத்தாசையா சாணி அள்ளப் போகணும்.